குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வருமா? பாட்டில் தீர்ந்தால் காற்று உள்ளே போய்விடுமா?

கேள்வி: வாந்தி பேதி என்று அப்பாவைத் தருமபுரி அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். சர்க்கரை நோயாளி. அவருக்குப் போய் ஏன் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்? ராத்திரி பாட்டில் தீர்ந்து காற்று ஏறிவிட்டால்?

பதில்:

முதலில் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கம் ஸ்டாண்டில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் 'குளுக்கோஸ்' என்றுதான் பேர். ஆனால் வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் போடுவது என்.எஸ். (நார்மல் சலைன்) அல்லது ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புகள் கலந்த நீர்); இரண்டிலுமே சர்க்கரை கிடையாது. என்.எஸ். வெறும் உப்புத் தண்ணீர், 500 மில்லியில் 4.5 கிராம் உப்பு. டி.என்.எஸ். (குளுக்கோஸ் கலந்த உப்புத் தண்ணீர்), 5டி (5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் நீர்) என்று இருந்தால்தான் குளுக்கோஸ் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு அதுவும் தேவைப்படலாம். அளவு பார்த்துப் பார்த்துத்தான் போடுவார்கள்.

தெம்பு விஷயம்: 5டி அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், சுமார் 85 கலோரி. 100 கிராம் ராகி மாவில் கிண்டிய களி உருண்டையில் 300 கலோரிக்கு மேல் இருக்கிறது. பேதியில் போன நீரும் உப்பும் திரும்பிவருவதால் தலைசுற்றல் நிற்கும், அதைத்தான் தெம்பு என்கிறோம். வெறும் அசதிக்கு 'ஒரு பாட்டில் போடுங்க சார்' என்று கேட்டு வாங்குவது வீண் செலவு.

காற்று பயம் வேண்டாம். கையில் போட்ட டிரிப்ஸ் தீர்ந்தால், டியூபில் மிச்சமிருக்கும் நீர் ஓரளவு இறங்கி அப்படியே நின்றுவிடும். நரம்பில் உள்ள ரத்தத்தின் அழுத்தம் அதைத் தடுத்துவிடுகிறது. சின்னக் குமிழி ஒன்றிரண்டு போனாலும் பொதுவாக ஆபத்தில்லை. உண்மையான தொல்லை வேறு: ரத்தம் டியூபுக்குள் ஏறி உறைந்து வென்ஃப்ளான் (கையில் குத்தி வைத்திருக்கும் சின்னக் குழாய்) அடைத்துக்கொள்ளும், இன்னொரு இடத்தில் குத்த வேண்டிவரும். கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே டியூபில் உள்ள சின்னச் சக்கரத்தை உருட்டி மூடிவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். பாத்ரூம் போகும்போதும் அப்படித்தான். பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்கினால் ரத்தம் ஏறும்.

சீக்கிரம் முடியட்டும் என்று சக்கரத்தைத் திறந்துவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. 20 சொட்டு ஒரு மில்லி ஆகும் செட்டில் நிமிடத்துக்கு 40 சொட்டு விழுந்தால், அரை லிட்டர் முடிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை ஒரு மணி நேரத்தில் ஓட்டினால் இதயமோ கிட்னியோ பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வேகத்தை டாக்டரோ நர்ஸோ மட்டும் மாற்றட்டும்.

குத்திய இடம் வீங்கிச் சில்லென்று இருந்தால் ஊசி நரம்பை விட்டு வெளியே வந்துவிட்டது. சிவந்து, சூடாகி, நரம்போடு வலி ஓடினால் அழற்சி. இரண்டுக்கும் இடம் மாற்ற வேண்டும். குளிர் நடுக்கம் வந்தால் உடனே மூடிவிட்டுச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு எடுக்க வந்தால் மறு கையைக் காட்டச் சொல்லுங்கள். 5டி ஓடும் கையில் எடுத்த ரத்தம், இல்லாத சர்க்கரையை ஏற்றிக் காட்டும்.