பல வருடம் நின்ற அம்பாசடர்: செல்ஃப் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: அப்பா வாங்கிய 1972 மார்க் 2 பெட்ரோல் அம்பாசடர், 2006-இலிருந்து ஷெட்டில் நிற்கிறது. ஒரு மெக்கானிக், புது பேட்டரியும் பெட்ரோலும் போட்டு செல்ஃப் அடித்தால் ஓடும் என்கிறார். இன்னொருவர், பானெட்டைக்கூடத் திறக்காமல், எஞ்சினை இறக்கி போர் வேலை (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செய்ய 90,000 ரூபாய் ஆகும், பாதி முன்பணம் வேண்டும் என்கிறார். யாரை நம்புவது? (காரைக்குடி வாசகர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். முதலாமவர் சொல்வதுதான் அதிக ஆபத்து. இத்தனை வருடத்தில் ஆயில் முழுவதும் கீழே சேம்பரில் இறங்கியிருக்கும். சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கலாம், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், வால்வும் இறுகியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் துரு சுவரைக் கீறும், வால்வைத் தள்ளும் புஷ்ராடு வளையும். இல்லாத போர் வேலை அப்போதுதான் உண்மையிலேயே வந்து சேரும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் விடச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஊறட்டும். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் பலம் காட்டக் கூடாது. மறுபடி ஆயில் விட்டு ஒரு வாரம் காத்திருக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. சுற்றிவிட்டால் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில், ஃபில்டர் மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தச் சோதனை) எடுங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு, நல்ல அளவு காட்டினால் போர் வேலை பேச்சே வேண்டாம். சோதனை செய்யாமல் 90,000 கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

பேட்டரி மாட்டும் முன் வயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் பாயிண்டை எம்ரி பேப்பரில் லேசாகத் தேய்த்தால் ஸ்பார்க் பெரும்பாலும் வந்துவிடும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். டேங்கை இறக்கிக் கழுவும் வரை புது பெட்ரோலைத் தனி கேனில் இருந்து கொடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அது அரிக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்பின் டயாபிரம் (ரப்பர் சவ்வு), கார்புரேட்டர் கிட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஓடியதும் ஒரு ரவுண்டு போகலாமே என்று ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். இந்த வண்டியில் நான்கு சக்கர பிரேக்கும் ஒரே லைன். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் கப், ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாகட்டும். இத்தனை பழைய டயரைக் காற்றடித்துத் தேற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும்: 3505 என்றால் 2005-இன் 35-ஆவது வாரம்.

வேலையை எஞ்சின், பிரேக், வயரிங் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை கடைகளில் நீங்களே விலை விசாரித்துவிட்டுப் பேசுவது நல்லது.

கேள்வி: அப்பா இப்போது இல்லை. ஆர்.சி. அவர் பெயரில் இருக்கிறது. விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

பதில்: செலவைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது இதுதான். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றலாம்.

2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டி விண்டேஜ் கணக்கில் வரும். உங்கள் வண்டிக்கு வயது சரி. ஆனால் ஒரு காலத்தில் பல அம்பாசடர்களில் டீசல் எஞ்சின் மாற்றினார்கள். உங்களுடையதில் எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். பதிவு 10 வருடம் செல்லும். ஏற்கெனவே உள்ள பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். விண்டேஜ் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்க முடியும். குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி போய்வர ஆசை என்றால், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை) காட்டி சாதாரண ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: இதேபோல் நின்ற ஃபியட் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்திருக்க வேண்டும். அப்புறம் மேட்டைத் தூக்கித் தரைத்தகடு, கதவுக்குக் கீழ்ப்பகுதி, டிக்கியின் அடி ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எஞ்சினைவிட டிங்கர் வேலைதான் பணத்தை விழுங்கும். துரு தின்று தகடு உள்ளே போனால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.