பையன் எட்டாவதுல படிக்கிற அல்ஜீப்ராவ நான் காலேஜ்ல படிக்கணுமா?

அக்கா வணக்கம்,

உங்க சைட்ட ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் மொத தடவ. எனக்கு 43 வயசு, சொந்த ஊரு விருதுநகர் பக்கம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.ஏ. ஹிஸ்டரி. கல்யாணமாகி வந்ததுல இருந்து அரிசோனா சாண்ட்லர்லதான் இருக்கோம், இப்ப கிரீன் கார்டு வந்துடுச்சு. நர்சிங் படிக்கணும்னு ஆசை. கம்யூனிட்டி காலேஜ்ல போய் கேட்டேன், எந்த லெவல்ல சேக்கலாம்னு பாக்குற ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட் எழுதச் சொன்னாங்க, எழுதுனா "பிகினிங் அல்ஜீப்ரால இருந்து ஆரம்பிங்க"ன்னு வந்துருச்சு. என் பையன் எட்டாவதுல அதே பாடத்தத்தான் படிச்சுட்டு இருக்கான். வீட்டுக்காரர் இஞ்சினியர், "இத நானே ஒரு வாரத்துல சொல்லித் தந்துடுவேன், இதுக்குப் போய் காசு கட்டுவியா"ங்கிறார். எங்ககிட்ட கார் ஒண்ணுதான், அதனால ஆன்லைன்ல எடுக்கலாம்னு இருக்கேன், 8 வாரத்துல முடியுற கிளாஸ் ஒண்ணு இருக்கு. எடுக்கலாமாக்கா? ஆன்லைன்ல கணக்கு மண்டையில ஏறுமா? இந்த வயசுல இது அசிங்கமா? பேர் போட வேண்டாம்.

*

வணக்கம்மா,

கடைசிக் கேள்விய மொதல்ல முடிச்சுடுவோம். அசிங்கம்லாம் ஒண்ணும் இல்ல. நான் சாயங்காலத்துல ஒரு கம்யூனிட்டி காலேஜ் டியூட்டரிங் சென்டர்லதான் வேல பாக்குறேன், வேற ஸ்டேட். அங்க இந்த அல்ஜீப்ராவுக்கு வர்றவங்களப் பாத்தீங்கன்னா மிலிட்டரில இருந்து வெளிய வந்தவங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சு தூக்கக் கலக்கத்தோட வர்றவங்க, பேத்தி எடுத்த பாட்டிங்கன்னு எல்லாரும் இருக்காங்க. இந்த மாதிரி காலேஜ வச்சதே அதுக்குத்தான். 1901-ல இல்லினாய்ஸ் ஜோலியட்ல ஆரம்பிச்சது, இன்னைக்கு நாடு பூரா இருக்கு, வயசும் கேக்க மாட்டாங்க, கட் ஆஃபும் கிடையாது. பையன் எட்டாவதுல படிக்கிறான்னா அவன் கணக்குல கொஞ்சம் முன்னாடி போறான்னு அர்த்தம், இங்க நெறைய ஸ்கூல்ல இத ஒம்பதாவதுலதான் வைக்கிறாங்க.

ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், நீங்க அத கேட்ட மாதிரி தெரியல. இந்தக் கோர்ஸ் உங்களுக்கு வேணுமா? பிகினிங் அல்ஜீப்ராங்கிறது டெவலப்மெண்டல் கோர்ஸ், அதாவது காலேஜ் கணக்குக்கு முன்னாடி அடிப்படைய சரி பண்ற கோர்ஸ். கிரெடிட்டுக்கு, அதாவது கோர்ஸ அளக்குற யூனிட்டுக்கு, இவ்வளவுன்னு காசு வாங்குவாங்க, ஆனா பெரும்பாலும் அந்தக் கிரெடிட் டிகிரில சேராது. இது ஒரு செமஸ்டர், அடுத்து இண்டர்மீடியட் அல்ஜீப்ரா ஒரு செமஸ்டர், அதுக்கு அப்புறம்தான் டிகிரில சேர்ற நெஜமான கணக்கு கோர்ஸ்னு படிக்கட்டு மாதிரி வச்சிருந்தாங்க, அந்தப் படியில பாதிலயே விட்டுட்டுப் போனவங்க நெறைய பேரு. அதனாலதான் கலிஃபோர்னியால 2017-ல ஏபி 705ன்னு ஒரு சட்டம் போட்டாங்க, ஹைஸ்கூல் மார்க்க பாத்து பசங்கள நேரா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாதிரி கிளாஸ்ல போடு, கூடவே சப்போர்ட் கிளாஸ் ஒண்ணு குடு, டெஸ்ட் வச்சு கீழ தள்ளாதன்னு. 2022-ல இன்னொரு சட்டம் வந்து அத இன்னும் இறுக்குச்சு. டெக்சாஸ்லயும் இதே மாதிரி கூடவே சேத்துப் படிக்கிற ஏற்பாடு இருக்கு. உங்க ஸ்டேட் கத வேற, இருந்தாலும் அட்வைசர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. நர்சிங் ப்ரோகிராம்ல சேர எந்தக் கணக்கு கோர்ஸ் வேணும்னு கேட்டலாக்ல எழுதியிருக்கிற பக்கத்தக் காட்டுங்க, வாய்ல சொன்னா பத்தாது. சப்போர்ட்டோட சேத்து மேல உள்ள கோர்ஸ நேரா எடுக்க வழி இருக்கா. ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட்ட திரும்ப எழுதலாமா. பல காலேஜ்ல எழுதலாம். நீங்க பத்தாவதுல இருபடிச் சமன்பாடு வரைக்கும் போட்டவங்க, மறந்துருக்கும் அவ்வளவுதான், ரெண்டு மாசம் தூசி தட்டிட்டு எழுதுனா ஒரு படி மேல போக வாய்ப்பு இருக்கு. அப்படியே உங்க பி.ஏ. மார்க் ஷீட்ட எவாலுவேஷனுக்கு அனுப்புனா பொதுப் பாடங்கள்ல ஏதாவது கழியுமான்னும் கேட்டுக்கங்க, ஹிஸ்டரி படிச்சது வீணாப் போச்சுன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க.

கிரீன் கார்டு இருக்குல்ல, அப்ப ஃபாஃப்சா போடுங்க, படிப்புக்கு ஃபெடரல் கவர்மெண்ட் குடுக்கிற பண உதவிக்கான அப்ளிகேஷன் அது. ஏற்கனவே பி.ஏ. முடிச்சவங்களுக்கு பெல் கிராண்ட்ங்கிற திருப்பிக் கட்ட வேண்டாத பணம் கெடைக்காது, ஆனா லோன் மாதிரி ஏதாவது கெடைக்கலாம், கிரீன் கார்டுக்காரங்களுக்கு ஃபெடரல் எய்டுக்கு தகுதி உண்டு. டெவலப்மெண்டல் கோர்சுக்கும் அது செல்லும், ஆனா மொத்தம் 30 செமஸ்டர் கிரெடிட்டுக்கு மேல குடுக்க மாட்டாங்க, நீங்க அவ்வளவு தூரம் போகப் போறதில்ல.

சரி, கேட்டுப் பாத்தாச்சு, இதத்தான் எடுத்தாகணும்னு சொல்லிட்டாங்கன்னு வச்சுக்குவோம். தாராளமா எடுங்க. ஆனா அந்த 8 வார கிளாஸ் வேண்டாம். நான் இதுல ரொம்ப உறுதியா இருக்கேன். இங்க ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ், ரெண்டு மணி நேரம் வீட்டுல படிப்புன்னு கணக்கு. 3 கிரெடிட் கோர்ஸ 16 வாரத்துல படிச்சா வாரம் 9 மணி நேரம் வரும், அதையே 8 வாரத்துல அமுக்குனா 18 மணி நேரம். சமையல், பையன், வீடு, இதுக்கு நடுவுல வாரம் 18 மணி நேரத்த எங்க இருந்து எடுப்பீங்க? பாதில பையனுக்கு காய்ச்சல் வந்து ஒரு வாரம் போச்சுன்னா 16 வார கிளாஸ்ல ஒரு சேப்டர் பின்னாடி நிப்பீங்க, 8 வார கிளாஸ்ல ரெண்டு சேப்டரும் ஒரு டெஸ்ட்டும் போயிருக்கும். சீக்கிரம் முடியுதேன்னு அத எடுத்துட்டு நாலாவது வாரத்துல டபிள்யூ, அதாவது பாதில விட்டுட்டாங்கங்கிற குறி, வாங்கிட்டு வர்றவங்கள நான் ஒவ்வொரு செமஸ்டரும் பாக்குறேன்.

ஆன்லைன்ல ஏறுமான்னு கேட்டீங்க. வீடியோ பாத்தா புரியும், அது பிரச்சனையே இல்ல. பிரச்சனை ஹோம்வொர்க் சாஃப்ட்வேர்ல இருக்கு. கணக்கு ஸ்கிரீன்ல வரும், பக்கத்துலயே "உதாரணம் பாரு", "இத போட உதவி செய்"னு பட்டன் இருக்கும். தட்டுனா அதே மாதிரி ஒரு கணக்க ஸ்டெப் ஸ்டெப்பா போட்டுக் காட்டும், நீங்க நம்பர மட்டும் மாத்தி அடிப்பீங்க, பச்சை டிக் விழும். தப்பாப் போனாலும் இன்னொரு கணக்கு குடுத்து திரும்பப் போட விடும். இப்படியே ஹோம்வொர்க்ல 100 வாங்கிடலாம், அப்புறம் டெஸ்ட்ல பட்டன் இருக்காது, 45 வரும். டிவில சமையல் பாத்துட்டே இருந்தவங்க கைல கரண்டியக் குடுத்த மாதிரி ஆயிடும். "ஹோம்வொர்க் பூரா நூறுக்கு நூறு, டெஸ்ட்ல மட்டும் எனக்கு பயம்"னு சொல்லிட்டு வர்றவங்கள நோட்டக் காட்டுங்கன்னு சொல்லுவேன், நோட்டே இருக்காது. பயம்லாம் இல்லம்மா அது, கையால போட்டதே இல்ல.

ஒரு கணக்கு பாப்போம். 5 − 2(எக்ஸ் − 3) = 17. இதுல விழாத ஆள நான் பாத்தது கம்மி. ஒரு கோஷ்டி 5-ல 2 போனா 3ன்னு எடுத்த எடுப்புலயே கழிச்சு 3(எக்ஸ் − 3) ஆக்கிடுவாங்க, பெருக்கல் மொதல்லங்கிறது மறந்துடும். இன்னொரு கோஷ்டி 2-ஐ ஒழுங்கா உள்ள பெருக்குவாங்க, ஆனா மைனஸ் எக்ஸோட மட்டும் நின்னுடும், 5 − 2எக்ஸ் − 6ன்னு எழுதி எக்ஸ் = −9னு வந்து நிப்பாங்க. உள்ள இருக்கிற மைனஸ் 3, வெளிய இருக்கிற மைனஸ் 2, பெருக்குனா பிளஸ் 6. அப்ப 11 − 2எக்ஸ் = 17, −2எக்ஸ் = 6, எக்ஸ் = −3. கெடச்ச விடைய மேல போட்டுப் பாருங்க, 5 − 2(−6), 5 + 12, 17 வந்துருச்சு. இந்தக் கடைசி வரிய எழுதுற ஆளுக்கு டெஸ்ட்ல பாதி மார்க் கைல. உங்களுக்கு கஷ்டம் வரப்போறது எக்ஸ்ல இல்ல, இந்த மைனஸ்லயும் பின்னத்துலயும்தான், இந்தக் கோர்ஸ்ல தோக்குறவங்கள்ல நெறைய பேரு இந்த ரெண்டுலதான் தோக்குறாங்க. அதனால கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரைஸ் யூனிவர்சிட்டிக்காரங்க போடுற ஓப்பன்ஸ்டாக்ஸ் எலிமெண்ட்ரி அல்ஜீப்ரா புக்க இறக்கிக்கங்க, ஃப்ரீதான், மொத சேப்டர்ல பெரும்பாலும் மைனஸ், பின்னம், தசமம்தான், அத நோட்டு போட்டு கையால முடிச்சுடுங்க. பட்டனத் தொடவே கூடாதுன்னு சொல்லல. மொதல்ல நோட்டுல போடுங்க, ரெண்டு தடவ தப்பா வந்தா தட்டிப் பாருங்க, அப்புறம் அத மூடிட்டு மறுநாள் அதே கணக்க பாக்காம போடுங்க.

தமிழ் மீடியம்ங்கிறதால கணக்குல ஒரு கொறையும் வராது, வாக்கிய கணக்குலதான் கொஞ்சம் இடிக்கும், அதுவும் இங்கிலீஷால மட்டும் இல்ல. "நிக்கலும் டைமும் சேத்து 30 காயின் இருக்கு, மொத்தம் 2 டாலர் 10 சென்ட், எது எத்தன"ன்னு கேப்பான். நிக்கல் 5 சென்ட், டைம் 10 சென்ட்னு கேள்வில சொல்லவே மாட்டான், இங்க பொறந்த பிள்ளைக்கு தெரியும்ல. இத்தன வருஷம் இருந்தும் எல்லாத்துக்கும் கார்டத் தேய்ச்சு பழகுன நமக்கு சில்லற கைல வந்துருக்கவே வந்துருக்காது, அப்படியே வந்தாலும் 10 சென்ட் காசு 5 சென்ட் காச விட சின்னதா இருக்கும், நான் வந்த புதுசுல மாத்திதான் நெனச்சுட்டு இருந்தேன். 5 சென்ட் எத்தனன்னு என்னும், 10 சென்ட் எத்தனன்னு டியும் வச்சா, என் + டி = 30, 5என் + 10டி = 210, போட்டா டி 12, என் 18. கணக்கு சப்ப. அந்தப் புக்குல மூணாவது சேப்டர்ல இந்த மாதிரி நெறைய இருக்கு, அத மட்டும் ஸ்லோவா படிங்க. நேர்கோட்டுச் சமன்பாட்ட நாம ஒய் = எம்எக்ஸ் + சின்னு படிச்சோம், இங்க சிக்கு பதிலா பி போடுவாங்க, அத பாத்து மிரள வேண்டாம்.

வீட்டுக்காரர் விஷயம். மனுஷன் நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா இஞ்சினியர்கிட்ட பிகினிங் அல்ஜீப்ரா கத்துக்கிறது ரொம்ப கஷ்டம்மா. அவருக்கு நாலு ஸ்டெப் மண்டைக்குள்ளயே ஓடிடும், "இத அந்தப் பக்கம் தூக்கிப் போடு, மைனஸ் ஆயிடும்"பார், நீங்களும் தூக்கிப் போடுவீங்க, ஒரு நாள் பெருக்கல்ல இருக்கிறதயும் தூக்கிப் போட்டு மைனஸ் ஆக்கிடுவீங்க. இங்க ரெண்டு பக்கமும் 11-ஐக் கழி, ரெண்டு பக்கமும் −2 ஆல வகுன்னு ஒவ்வொரு வரியா எழுதச் சொல்லுவாங்க, ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. அப்புறம் ஒரு வாரத்துல அவர் சொல்லித் தந்தே முடிச்சாலும் ட்ரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது காலேஜ் மார்க் ஷீட்ல, வராது, நர்சிங் அட்மிஷனுக்கு அவர் கையெழுத்து செல்லாது. அவர்கிட்ட வேற உதவி கேளுங்க. டெட்லைன் பெரும்பாலும் ராத்திரி 11:59ன்னு இருக்கும், உங்க ஊர்ல 11:59ன்னா விருதுநகர்ல மறுநாள் மதியம் 12:29, அம்மா போன் பண்ற நேரம். அன்னைக்கு ராத்திரி சமையலும் போனும் அவர் பாக்கட்டும்.

டெஸ்ட் பெரும்பாலும் கேமரா முன்னாடிதான். சில காலேஜ்ல ரூம சுத்திக் காட்டச் சொல்லுவாங்க. ஒஹாயோல ஒரு ஸ்டூடண்ட் இத எதுத்து கேஸ் போட்டு, கவர்மெண்ட் காலேஜ் இப்படி வீட்டு ரூம ஸ்கேன் பண்ணச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு 2022-ல ஃபெடரல் கோர்ட்டு தீர்ப்பே வந்துச்சு, ஆனா அது அந்தக் கேஸோட தீர்ப்பு, உங்க காலேஜ் ரூல் என்னன்னு சிலபஸ்லதான் பாக்கணும். பிடிக்கலன்னா டெஸ்ட் சென்டர்ல போய் எழுத முடியுமான்னு கேளுங்க, ஒரு கார் பிரச்சனை நாலு நாளைக்குத்தான, சமாளிச்சுக்கலாம். வீட்டுலயே எழுதுனா ஒரு எச்சரிக்க, நம்ம ஆளுங்களுக்கு "ஏழெட்டு அம்பத்தாறு"ன்னு வாய் விட்டு வாய்ப்பாடு சொல்ற பழக்கம் உண்டு, பேச்சு சத்தம் கேட்டா அந்த சாஃப்ட்வேர் சந்தேகம்னு குறிச்சு வச்சுடும். மனசுக்குள்ள சொல்லப் பழகிக்கங்க.

நர்சிங்குக்கு இதெல்லாம் எதுக்குன்னு நடுவுல ஒரு நாள் எரிச்சல் வரும். சேர்றதுக்கு பல இடத்துல டீஸ்னு ஒரு டெஸ்ட் கேப்பாங்க, அதுல ஒரு எக்ஸ் வச்ச சமன்பாடு வரும். சேந்த அப்புறம் மருந்துக் கணக்கு. டாக்டர் 375 மில்லிகிராம் எழுதியிருக்கார், பாட்டில்ல 5 எம்எல்லுக்கு 250 மில்லிகிராம்னு போட்டிருக்கு, எத்தன எம்எல் குடுப்பீங்க? 7.5. இத எக்ஸ் வச்சுப் போடாமலேயே போட்டுடுவீங்க, ஆனா ட்ரிப் ரேட்டு, ஒடம்பு எடைக்கு ஏத்த டோஸ்னு போகும்போது எக்ஸ் வச்சா தப்பாகாது.

கடைசியா ஒண்ணு, இது தெரியாம நெறைய பேரு மாட்டுறாங்க. ஆன்லைன் கிளாஸ்ல லாகின் பண்ணுனா மட்டும் அட்டெண்டன்ஸ் ஆகாது, மொத வாரத்துல ஏதாவது ஒரு க்விஸ்ஸோ ஹோம்வொர்க்கோ போட்டு அனுப்பியிருக்கணும், இல்லன்னா வரவே இல்லன்னு பேர எடுத்துடுவாங்க, எய்டும் அதோட சிக்கலாகும். பாஸ்வேர்டு கோட் வரல, புக்கு வரலன்னு காத்துட்டு இருக்காதீங்க, அன்னைக்கே டீச்சருக்கு ஒரு மெயில் போடுங்க. டியூட்டரிங் சென்டர் ஜூம்லயும் இருக்கும், ஃபீஸ்ல சேந்ததுதான், தனியா காசு கேக்க மாட்டாங்க, மூணாவது வாரம் வரைக்கும் காத்திருக்காம மொத வாரமே போய் ஒரு ஹாய் சொல்லிட்டு வாங்க. எங்க சென்டர்லயே சாயங்காலம் பாதி நேரம் நாங்க சும்மாதான் உக்காந்திருப்போம், மிட்டெர்முக்கு மொத நாள் மட்டும் வாசல் வரைக்கும் க்யூ நிக்கும்.

அட்வைசர் என்ன சொன்னாருன்னு எழுதுங்க. சிலபஸ் கெடச்சா அதையும் அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.

அன்புடன்,
அக்கா