சண்டைக் காட்சியைக் கடைசியில் எழுதுங்கள்

அன்புள்ள சேர்,

உங்கள் கதைகளைத் தேடித் தேடி வாசிக்கிறேன். நீங்களும் ஒரு காலத்தில் துவக்குத் தூக்கியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கதையில்கூட நேரடிச் சண்டை இல்லை. ஏன்? நான் ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். எங்கள் பூட்டன் மட்டக்களப்புக் கடலில் ஜப்பான் கப்பல் எரிந்து தாண்டதைக் கண்டவராம். அப்பா 1989இல் புலிகள் இயக்கத்துக்குப் போய் 2004இல் வீட்டுக்கு வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார். களத்தையே பார்க்காத நான் சண்டைக் காட்சி எழுதலாமா? அப்பாவின் முதல் வருடத்தை வைத்து எழுதிய அத்தியாயத்தை அனுப்புகிறேன். அதை அவரிடம் காட்டலாமா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

ப., செங்கலடி

அன்புள்ள ப.,

தாராளமாக எழுதலாம். என் கதைகளில் சண்டை வராததற்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. நான் பார்த்த சண்டையே கொஞ்சம்தான். 1989இல், பிள்ளைபிடிக் காலத்தில், டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது பிடித்து வாகனத்தில் ஏற்றப்பட்டவன் நான். இந்திய இராணுவத்தின் துணையோடு ஆள் சேர்த்த தமிழ்த் தேசிய இராணுவம்தான், எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலைமயிரை ஒட்ட வெட்டி, கையில் ஒரு எஸ்.எல்.ஆர். துவக்கைத் தந்து, கொஞ்ச நாளிலேயே சென்றிக் காவலுக்கு விட்டார்கள்.

என் யுத்தம் பெரும்பாலும் சென்றிதான். இரவு இரண்டு மணிக்கு நிற்கிறவனுக்கு எதிரியைவிட நித்திரைதான் பயம். நுளம்புக்கு வேப்பிலை புகைக்க முடியாது, நெருப்பு வெளியே தெரியும். என்னோடு நின்றவன் பீடியை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துத்தான் இழுப்பான். அவன் கையில் சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. மாரி தொடங்கியதும் துவக்கில் துரு ஏறும். துவக்கு எண்ணெய் முடிந்துவிட்டால் குசினியில் தேங்காயெண்ணெய் வாங்கிப் பூசுவோம். பிறகு அந்த மணத்தில் பசிக்கும்.

வெடி விழுந்த அன்று நான் கண்டது எனக்கு முன்னால் ஓடியவனின் முதுகை மட்டும். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்பதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. இந்திய இராணுவம் விலக விலக முகாம்கள் விழுந்தன, 1990 மார்ச்சில் அவர்கள் முழுதாகப் போய்விட்டார்கள் என்று இன்றைக்கு ஒரே வரியில் எழுதிவிடலாம். அன்றைக்கு எனக்கு அந்த வரி தெரியாது. எந்த வேலியால் பாயலாம் என்பது மட்டும் தெரியும்.

உங்கள் அத்தியாயத்தில் எனக்கு இடறியது இங்கேதான். உங்கள் பொடியன் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வரம்போரம் படுத்துக்கொண்டு மாகாண சபை, டெல்லி, பிரேமதாசாவோடு பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் அலசுகிறான். பதினாறு வயதுப் பிள்ளை! அதெல்லாம் நீங்கள் தேடி வாசித்தவை. வாசிக்கத்தான் வேண்டும், இன்னும் நிறைய. ஆனால் அது உங்கள் தலையில் இருக்கட்டும், அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

பூட்டன் கதையும் இப்படித்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு நேரே கடலில் தாண்டது ஜப்பான் கப்பல் இல்லை, ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி. திருகோணமலையில் குண்டு விழப்போகிறது என்று முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பினார்கள். காலையில் திரும்பிப் போகும்போது ஜப்பானிய விமானங்களிடம் மாட்டிக்கொண்டது. பெயர்தான் விமானந்தாங்கி, அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. கப்பல் சில நிமிடங்களில் தாண்டது, 307 பேர் செத்தார்கள். கூட வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் போனது. மிஞ்சியவர்களில் பெரும்பாலானோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டன் வாயில் மட்டும் அது ஜப்பான் கப்பலாகவே இருக்கட்டும். நாலு நாளைக்கு முன்னர், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டிருக்கிறான். ஊரெல்லாம் அவன் பேச்சாகத்தான் இருந்திருக்கும். கரையில் நின்றவர் கண்டது தூரத்தில் புகை. யார் யாரை அடித்தது என்று அவருக்கு யார் வந்து சொல்வது? அந்தப் பிழையைத் திருத்திவிட்டால் பூட்டன் போய்விடுவார், விக்கிப்பீடியாதான் மிஞ்சும்.

களத்தைப் பார்க்கவில்லை என்கிறீர்கள். செங்கலடியில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? கறுத்தப் பாலத்தைத் தாண்டிப் பதுளை வீதியால் கொஞ்சத் தூரம் போய் வயலுக்குள் இறங்குங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்து பாருங்கள். ரவையோடு ஒரு எஸ்.எல்.ஆர். கிட்டத்தட்ட அவ்வளவு பாரம். மாரியில் ஒருதரம், வெயிலில் ஒருதரம் நடக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு நிலம். காற்றையும் கவனியுங்கள். மேற்கிலிருந்து கச்சான் வீசும் காலத்தில் படுவான்கரையில் வெடித்தால் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் தெளிவாகக் கேட்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் அதே சத்தம் பாதி வழியிலேயே கரைந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பது மார்கழி மாதம், வாடைக் காலம். வாவிக்கு இந்தப் பக்கம் வீட்டுக்குள் இருக்கும் தாய்க்கு அந்த வெடி அப்படிக் கேட்டிருக்காது.

அப்பாவிடம் சண்டையைக் கேட்காதீர்கள். என்ன சமைத்தீர்கள், செருப்பு அறுந்தால் என்ன செய்தீர்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதற்குக் கீழேயே வளர்ந்து ஆளானவர் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது அதிசயமா? 2004 வேறு விசயம். மார்ச்சில் புலிகளிடமிருந்து கருணாவின் பிளவு, ஏப்ரல் 10இல் வெருகல் சண்டை. சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்று நாலு நாள் இருக்கும்போது, ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டார்கள். அதை அவராகச் சொன்னாலொழிய விட்டுவிடுங்கள். அந்த இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் இன்றைக்கும் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் ஒரே குளத்தில்தான் தீர்த்தமாடுகின்றன. நாவலில் ஆட்களை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், இரண்டு பேரை ஒருவராக்குங்கள்.

கணக்குப் பார்த்தால் 1989இல் உங்கள் அப்பாவும் நானும் எதிரெதிர்ப் பக்கம். அதனால் உங்கள் அத்தியாயத்தை ஆறுதலாகவே வாசித்தேன். சென்றியில் நிற்பவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சொறியும் இடம் நன்றாக வந்திருக்கிறது. சண்டைக் காட்சிகளை, மற்றதெல்லாம் எழுதி முடித்த பிறகு, இடம் இருந்தால் சேருங்கள்.

ஒரு பிழை. எஸ்.எல்.ஆர். மெகசினில் 20 ரவைதான் போகும், நீங்கள் 30 என்று எழுதியிருக்கிறீர்கள். 30 என்பது ஏ.கே.யின் கணக்கு. அச்சுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்குக் காட்டுகிற பிரதியில் மட்டும் அதைத் திருத்தாமல் அப்படியே கொடுங்கள். துவக்குப் பிடித்த எந்த ஆளும் அந்த வரியைக் கண்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்.

அன்புடன்,
ச., களுவாஞ்சிகுடி