டிவியில் சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லை. பேக்லைட்தான் போயிருக்கிறதா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: எல்.இ.டி டிவி, சத்தம் நன்றாக வருகிறது, ரிமோட்டுக்கும் கட்டுப்படுகிறது, திரை மட்டும் கறுப்பு. பார்த்தவர்களில் ஒருவர் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு, என்கிறார், இன்னொருவர் பேனலே போய்விட்டது என்கிறார். கேட்டவர் எலக்ட்ரானிக்ஸ் இப்போதுதான் பழகுகிறார், கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. தானே பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் கண்டுபிடிப்பது வேறு, பிரித்து மாற்றுவது வேறு. கண்டுபிடிப்பதை யாரும் பழகிக்கொள்ளலாம். மாற்றும்போதுதான் பிழைக்க வேண்டிய டிவியும் செத்துப்போகிறது. முன்கண்ணாடியைத் தூக்குவதற்கு முன்பே கோளாறு எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைத் தூக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்சிடி பேனல் தானாக ஒளி தராது. அது ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியை விடுவதா, மறைப்பதா என்று தீர்மானிக்கும் கண்ணாடி மட்டுமே. ஒளி வருவது அதன் பின்னால் இருக்கும் எல்.இ.டி பட்டைகளிலிருந்து. கடையில் ‘எல்.இ.டி டிவி’ என்று விற்பதும் எல்சிடி டிவிதான், பின்விளக்கு மட்டும் எல்.இ.டி. உங்களுடையது ஓஎல்இடி என்றால் இந்தப் பதிலை இங்கேயே விட்டுவிடலாம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பேக்லைட் என்ற ஒன்றே கிடையாது. ரொம்பப் பழைய எல்சிடி என்றால் பின்னால் மெல்லிய குழல்விளக்குகள் இருக்கும். அவற்றுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் போர்டில் ஆயிரம் வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் ஓடும், பழகுநர் அதில் கை வைக்க வேண்டாம்.

எதையும் திறப்பதற்கு முன் ஒரு அற்பமான காரணத்தை விலக்கிவிடுங்கள். பல டிவிகளின் மின்சேமிப்பு மெனுவில் ‘படத்தை அணை’ என்று ஒரு வசதி உண்டு, பாட்டு மட்டும் கேட்பவர்களுக்காக. ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டனைத் தொட்டால் அது நீங்கிப் படம் வந்துவிடும். இரண்டு முறை வால்யூமையும் மெனுவையும் அழுத்திப் பாருங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். இதில் சரியாகிவிட்டால் அதிர்ஷ்டம்.

அடுத்தது டார்ச் சோதனை. இதை யாரும் சரியாகச் செய்வதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். டிவியை ஆன் செய்து ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள், வெள்ளை எழுத்து இருக்கும் படம் எளிதில் கண்ணுக்குப் படும். மொபைல் டார்ச்சைத் திரைக்கு ஓரிரு விரல் இடைவெளியில் சாய்த்துப் பிடித்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே பாருங்கள். நேராகப் பிடித்தால் டார்ச்சின் பிரதிபலிப்பு மட்டும்தான் தெரியும். வெளிச்ச வட்டத்துக்குள் மெனு எழுத்தோ அசையும் உருவமோ மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் மெயின் போர்டு, அதிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்கு ஏற்றபடி அனுப்பும் டி-கான் போர்டு, பேனல் மூன்றும் வேலை செய்கின்றன. இல்லாதது விளக்கு மட்டும்தான். ‘பேனல் போச்சு’ என்று சொன்னவரிடம் இதைக் காட்டுங்கள்.

உருவம் தெரியவில்லை, ஆனால் இருட்டில் திரை சாம்பல் நிறத்தில் லேசாகப் பளபளக்கிறது என்றால் கதை நேர் எதிர். விளக்கு எரிகிறது, படம்தான் வரவில்லை. டி-கான் போர்டு, அதற்குப் போகும் ரிப்பன் கேபிள், அல்லது பேனல், இந்த மூன்றில் ஒன்று. அதற்கு இந்தப் பதில் உதவாது.

இன்னொரு தடயம் ஆன் செய்யும் நொடியில் இருக்கிறது. சில டிவிகளில் படம் ஒரு நொடி பளிச்சென்று வந்து அணைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பேக்லைட் எல்.இ.டிகள் தொடர் இணைப்பில் இருக்கின்றன, அலங்கார சீரியல் விளக்குச் சரத்தைப் போல. ஒன்று ஓப்பன் ஆனால், அதாவது உள்ளே அறுந்துபோனால், அந்தச் சரமே அணையும். விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட் மின்னோட்டத்தை மாறாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கும். சரம் அறுந்து மின்னோட்டம் பூஜ்யமாகிவிட்டதால் வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும், ஒரு வரம்பைத் தொட்டதும் பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று சரங்கள் இருந்து அதில் ஒன்று மட்டும் அறுந்தாலும் பல டிரைவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே அணைத்துவிடும். நல்ல சரம் எரிந்து அணைந்ததைத்தான் நீங்கள் ஒரு நொடி பார்த்தீர்கள்.

இனி பின்மூடி. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும், பிடுங்கிய பிறகும் ஆபத்து முடிந்துவிடவில்லை. பவர் போர்டில் தடிமனாக நிற்கும் பெரிய கெப்பாசிட்டர் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் டிவியில் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். பவர் ஃபேக்டர் திருத்தும் சர்க்யூட் உள்ள டிவியில் 380, 400 வோல்ட் வரை போகும். சில நிமிடம் காத்திருந்து, மீட்டரை டிசியில் அதிகபட்ச ரேஞ்சில் வைத்து, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்துகொண்டு தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் வித்தை எல்லாம் வேண்டாம்.

பவர் போர்டை உற்றுப் பார்த்தால் ஒரு கோடோ இடைவெளியோ அதை இரண்டாகப் பிரிப்பது தெரியும். மின்கம்பி வரும் பக்கம் ஹாட் சைடு, மெயின் போர்டுக்கும் பேக்லைட்டுக்கும் போகும் பக்கம் கோல்டு சைடு. இரண்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மரும், ஒளி மூலம் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர்களும் மட்டும் பாலம்போல் குறுக்கே இருக்கும். அந்தப் பெரிய கெப்பாசிட்டரை அளந்தது தவிர, இனி மீட்டரின் கறுப்பு வயரை எப்போதும் கோல்டு சைடு கிரவுண்டில்தான் வைக்க வேண்டும். ஹாட் சைடு உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாத இடம்.

பேனலுக்குள் போகும் ஒரு ஜோடி வயர், பெரும்பாலும் தனிக் கனெக்டர், அதுதான் பேக்லைட் வயர். சில மாடல்களில் நாலைந்து பின்கள் இருக்கும். பக்கத்தில் போர்டிலேயே ‘எல்.இ.டி பிளஸ்’, ‘எல்.இ.டி மைனஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள்.

இங்கே இரண்டு வழி பிரிகிறது. டிவியை ஓடவிட்டு அந்தக் கனெக்டரில் அளப்பது ஒன்று. எல்.இ.டி டெஸ்டர் என்ற சின்னக் கருவியை வாங்கி, டிவியை அணைத்த நிலையிலேயே சோதிப்பது இன்னொன்று. பழகுநருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். திறந்த பவர் போர்டில் மின்சாரம் ஓடும்போது மீட்டரின் முனையை (ப்ரோப்) வைத்துப் பழக இது சரியான இடமில்லை.

டெஸ்டர் குறைந்த மின்னோட்டத்தில் சுமார் 300 வோல்ட் வரை தானே ஏற்றிக்கொண்டு போகும், சரம் எரியத் தொடங்கிய இடத்தில் நிற்கும். அதன் முனைகளைக் கையால் தொடாதீர்கள், சுரீரென்று அடிக்கும். பேக்லைட் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, சிவப்பைப் பிளஸ் பின்னிலும் கறுப்பை மைனஸ் பின்னிலும் வையுங்கள். பேனலின் முதுகில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளிச்சம் கசிந்தால் அந்தச் சரம் உயிரோடு இருக்கிறது. டெஸ்டரில் காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எல்.இ.டி சுமார் 3 வோல்ட் எடுக்கும் வகையில் 20 இருந்தால் 60 வோல்ட்டை ஒட்டி வரும். உள்ளேயே இரண்டு சில்லு வைத்த 6 வோல்ட் வகை என்றால் அதே 20க்கு 120. வெளிச்சமே இல்லாமல் எண் மட்டும் உச்சத்தில் போய் நின்றால் சரம் அறுந்திருக்கிறது. அந்த முடிவுக்கு வருமுன் ப்ரோப்களை மாற்றிப் பிடித்தும் ஒரு முறை பாருங்கள், எல்.இ.டி ஒரு திசையில்தான் எரியும்.

டெஸ்டரில் எல்லாம் எரிகிறது, டிவியில் எரியவில்லை என்றால் உடனே போர்டைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். டெஸ்டர் தரும் மின்னோட்டம் மிகக் கொஞ்சம். தளர்ந்துபோன எல்.இ.டி அதில் சமர்த்தாக எரிந்துவிட்டு, முழு மின்னோட்டம் வந்து சூடானதும் கைவிரிக்கும். டிவி ஆன் ஆனதும் ஒளி வந்து அணைகிறது என்றால் சந்தேகம் இன்னும் எல்.இ.டி மேல்தான். ஒளி துளிகூட வரவில்லை என்றால்தான் டிரைவர் பக்கம் பார்க்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து ‘பேக்லைட் ஆன்’ என்ற சிக்னல் பவர் போர்டுக்கு வர வேண்டும், ஆன் நிலையில் அது 3 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். அது வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் டிரைவர் கோளாறு. பழகுநருக்குச் சுலபமான வழி, போர்டில் அச்சிட்ட அதே எண்ணுள்ள இன்னொரு பவர் போர்டைத் தேடி மாற்றுவதுதான்.

டிவியை ஓடவிட்டு அளக்கும் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் அந்த ஒரு நொடி ஏற்றத்தைத் தவறவிட்டுவிடும். ரேஞ்சைக் கையால் பூட்டிவிட்டு, உச்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏறி விழுந்தால் எல்.இ.டி, அசையவே இல்லை என்றால் டிரைவர் அல்லது சிக்னல்.

சரம் அறுந்தது உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் கண்ணாடி. நான் பார்த்தவரை, பேக்லைட் மாற்றப் போய்ச் செத்த டிவிகள் எல்லாம் இந்தக் கட்டத்தில் செத்தவைதான். கண்ணாடியின் ஒரு விளிம்பிலிருந்து, சிலதில் இரண்டு விளிம்பிலிருந்து, பழுப்பு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்கள் இறங்கி, நீளமான ஒல்லிப் போர்டுகளில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நாடாவின் நடுவிலும் ஒரு சின்ன கருப்புச் சில்லு. அதில் ஒன்று கிழிந்தாலோ ஓரம் மடிந்து தடம் அறுந்தாலோ திரையில் நிரந்தரமாக ஒரு கோடு அல்லது பட்டை விழும். வீட்டில் வைத்து அதை ஒட்டவே முடியாது. அதனால் அந்தப் போர்டுகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் கழற்றி, கண்ணாடியும் போர்டும் ஒரே அசைவில் வரும்படி தூக்க வேண்டும். 32 அங்குலத்தைக்கூட ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது என்பது என் கருத்து. 43க்கு மேல் என்றால் இரண்டு பேரும், கண்ணாடியைக் கவ்வும் சக்‌ஷன் கப்பும் கட்டாயம். 55, 65 அங்குலம் என்றால் முதல் முயற்சியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுப்பதில் ஒரு அவமானமும் இல்லை. கோளாறு இன்னது என்று நீங்களே சொல்லிக் கொடுக்கலாம், அதற்கே மரியாதை வேறு.

கண்ணாடிக்கு அடியில் ஒளியைப் பரப்பும் தாள்கள் வரும், இரண்டு மூன்று மெல்லியவை, ஒன்று தடித்த பலகை. எடுத்த வரிசையும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதும் மாறக் கூடாது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். கைரேகை பட்டால் திரையில் கறையாகத் தெரியும், கையுறை போடுங்கள்.

தாள்களுக்கு அடியில் வெள்ளைப் பிரதிபலிப்பான், அதன் ஓட்டைகளில் வரிசையாகக் குமிழ் லென்ஸ்கள். இங்கே வந்தால் குற்றவாளி பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். நல்ல எல்.இ.டியின் முகம் சீரான மஞ்சளாக இருக்கும், போனதன் நடுவில் கடுகு அளவில்கூட இல்லாத ஒரு கருப்புப் புள்ளி இருக்கும். அந்த மஞ்சள் பூச்சுதான் நீல எல்.இ.டியின் ஒளியை வெள்ளையாக்குகிறது. டிவியில் படம் நாளாக நாளாக நீலமாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால் அந்தப் பூச்சு சூட்டில் கெட்டிருக்கிறது என்று பொருள். புள்ளி தெரியவில்லை என்றால் டெஸ்டரை ஒவ்வொரு எல்.இ.டியிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டரின் டையோடு நிலை 3 வோல்ட் வகையை லேசாக மினுக்க வைக்கலாம், 6 வோல்ட் வகையை அது எரிய வைக்காது.

போன ஒன்றை மட்டும் மாற்றலாமா, கம்பியால் தாண்டிவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாண்டினால் விளக்கு எரியும், அந்த இடத்தில் திரை இருண்டு தெரியும். மற்ற எல்.இ.டிகளும் அதே அளவு மணிநேரம் அதே சூட்டில் வெந்தவைதான், சீக்கிரமே அடுத்தது போகும், கண்ணாடியை மறுபடி தூக்க வேண்டும். எல்லாப் பட்டைகளையும் ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள். வாங்கும்போது டிவியின் மாடல் எண்ணை நம்பாதீர்கள், ஒரே மாடலில் வெவ்வேறு பேனல் போட்டு வந்திருக்கும். பட்டையின் மீதே அச்சிட்டிருக்கும் எண், நீளம், எல்.இ.டிகளின் எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, கனெக்டர் இருக்கும் பக்கம், இத்தனையும் ஒத்துவர வேண்டும். லென்ஸ் ஏதாவது கழன்று கிடந்தாலும் கவனியுங்கள். லென்ஸ் இல்லாத எல்.இ.டி திரையில் வெள்ளை வட்டமாகக் குத்தும்.

புதுப் பட்டைகளைப் பொருத்தியதும், தாள்களையும் கண்ணாடியையும் வைப்பதற்கு முன்பே, டெஸ்டரால் ஒரு முறை எரியவிட்டுப் பாருங்கள். எல்லாம் மூடி, டிவி ஒளிர்ந்ததும் மெனுவுக்குப் போய் ‘பேக்லைட்’ அளவை நூறிலிருந்து ஐம்பது அறுபதுக்கு இறக்கிவிடுங்கள். எல்.இ.டிகளைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான், இறக்கினால் மின்னோட்டமும் சூடும் குறையும். பல டிவிகளில் ‘பிரைட்னஸ்’ என்று இருப்பது படத்தின் கருமையை மட்டும் மாற்றுவது. அதைக் குறைப்பதால் எல்.இ.டிக்கு ஒரு பயனும் இல்லை. ‘பேக்லைட்’ என்ற பெயரில் உள்ளதைத் தேடிக் குறையுங்கள்.