ஓட்டு போளூரிலா, ஈஜிபுராவிலா?

கேள்வி: சார், சொந்த ஊர் போளூர் பக்கம். பெங்களூரு வந்து 11 வருஷம் ஆச்சு, ஈஜிபுராவில் வாடகை வீடு, கால் டாக்ஸி ஓட்டுகிறேன். ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) வந்தபோது அம்மாவே என் பாரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதால் பெயர் தப்பித்தது. டாக்ஸி ஸ்டாண்டில் தினமும் இதே சண்டை. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள் என்கிறார் ஒருவர், இங்கிருந்தே ஊர் ஓட்டைப் போடுகிற மெஷின் வரப்போகிறது, பொறு என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்யட்டும்? மனைவி, அம்மா ஓட்டு பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்த 'இரண்டு இடத்திலும்' ஆளை ஓரமாக உட்கார வையுங்கள். 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 17ஆவது பிரிவு: ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதினால் 31ஆவது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, பெங்களூருவில் ஏப்ரல் 26, இரண்டும் வெள்ளிக்கிழமை. அந்த ஒரு வார இடைவெளியில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று குத்திவிட்டு வந்து என்னிடமே பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு ஓட்டுமே செல்லாது என்று 1951ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது, அதாவது மாட்டினால் உள்ளதும் போச்சு.

சரி, ஊரா இங்கேயா? நம் ஆட்கள் பலரும் இதை ஏதோ நம் விருப்பம் மாதிரி பேசுகிறார்கள். சட்டம் அப்படிப் பேசவில்லை. 'சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே' என்பதுதான் 19ஆவது பிரிவு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது, அதையும் 20ஆவது பிரிவு தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தற்காலிகமாக வெளியே போனவர் அதனாலேயே அந்த ஊர்க்காரர் என்ற நிலையை இழந்துவிட மாட்டார். எத்தனை மாதம் வரை தற்காலிகம், எப்போது நிரந்தரம் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. அறுவடை முடிந்ததும் கட்டட வேலைக்கு வந்து ஆடிக்குத் திரும்புகிறவர் தற்காலிகம்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. 11 வருஷ வாடகை, இங்கே கேஸ் இணைப்பு, பிள்ளைகள் இங்கே ஸ்கூல் என்றால் எந்த அதிகாரியும் தற்காலிகம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். தமிழ்நாட்டில் 2025 டிசம்பரில் வந்த எஸ்.ஐ.ஆர். வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போயின. அதில் 66 லட்சம் 'இடம் மாறியவர்கள்' கணக்கில். உங்கள் பெயர் நிற்பது அம்மா கையெழுத்தின் புண்ணியம், அடுத்த தடவை பி.எல்.ஓ. (வீடு வீடாக வந்து பட்டியலைச் சரிபார்க்கிற வாக்குச்சாவடி அலுவலர்) அதே மாதிரி இருப்பார் என்று நம்பி உட்காராதீர்கள்.

இப்போது உங்கள் ஸ்டாண்ட் சண்டைக்கு வருகிறேன், எனக்கும் பிடித்த சண்டை இது.

20ஆவது பிரிவை முழுக்கப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். ராணுவத்தில் இருப்பவர் எல்லையில் நின்றாலும் சொந்த ஊர் வாக்காளராகவே இருக்கலாம், தபால் ஓட்டும் உண்டு. எம்.பி., எம்.எல்.ஏ. பதவி வேலையாக டெல்லியிலோ சென்னையிலோ இருந்தாலும் ஊர்ப் பட்டியலில் பெயர் நிற்கும். 2010இல் திருத்தம் கொண்டுவந்து 20ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், அதன்படி துபாயில் வேலை பார்க்கிறவர் இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பதிந்துகொள்ளலாம் (நேரில் வந்துதான் போட வேண்டும், அது வேறு கதை). ஆக, போளூரிலிருந்து துபாய்க்குப் போனால் ஊர் ஓட்டு இருக்கும், நாலு மணி நேரத் தொலைவில் இருக்கிற பெங்களூருக்கு வந்தால் போய்விடும். இதற்கு ஒரு நியாயமான பதிலை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதனால்தான் அந்த மெஷின் பேச்சு சும்மா கிளம்பியதில்லை. 2022 டிசம்பர் கடைசியில் தேர்தல் ஆணையம் ஒரு மாதிரி இயந்திரத்தை அறிவித்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளலாம், ஊர்க்காரர் தன் தொகுதியின் வேட்பாளர் பட்டியலைத் திரையில் பார்த்து அழுத்தலாம் என்றார்கள். 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளைக் கூப்பிட்டுச் செய்துகாட்ட உட்கார்ந்தார்கள், எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. அவர்கள் கேட்டதில் எல்லாமே அரசியல் இல்லை. ஈஜிபுராவில் ஒரு ரிமோட் சாவடி வைத்தால் போளூர் தொகுதியில் நிற்கிற சுயேச்சைக்கு அங்கே உட்கார ஏஜென்ட் ஏது? பெரிய கட்சிகளுக்கே இங்கே நாலு பேரைப் பிடிப்பது கஷ்டம். தேர்தல் தமிழ்நாட்டில், சாவடி கர்நாடகத்தில் என்றால் நடத்தை விதியை இங்கே யார் அமல்படுத்துவது? அப்புறம் 'புலம்பெயர்ந்தவர்' என்றால் யார்? 2011 கணக்கெடுப்பில் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள், ஆனால் அதில் கிட்டத்தட்டப் பாதி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள். அந்த எண்ணைக் காட்டி 45 கோடிப் பேர் ஓட்டில்லாமல் தவிக்கிறார்கள் என்று யாராவது பேசினால் மடக்கலாம், ஸ்டாண்டில் உதவும்.

என் வாதம் இதுதான்: மெஷின் வரட்டும், ஆனால் ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே என்று அலைகிறவருக்கு. அவருக்குத்தான் இரண்டு இடத்திலும் ஓட்டில்லாமல் போகிறது. சட்டம் வாக்களிக்கும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது (1951 சட்டம், 135பி), அதை வைத்து கம்பெனி ஆள் சாந்திநகரில் பஸ் ஏறிவிடுவார். தினக்கூலிக்காரர் சட்டத்தைச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்க முடியுமா, பஸ் காசுக்கு எங்கே போவார்? உங்களை மாதிரிக் குடும்பத்தோடு ஊன்றியவர் அந்த மெஷினுக்காகக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காவேரித் தண்ணீர் வருவதும் வராததும், மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் ஏறுவதும் இங்கே. இந்த ஊரில் மாநகராட்சித் தேர்தல் 2015இல் நடந்து, அந்தக் கவுன்சிலர்கள் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள் ஓட்டினார்கள். அதைக் கேட்கிற இடத்தில் நம்மவர்கள் இல்லை, ஏனென்றால் நம்மவர்களில் பாதிப் பேர் ஓட்டு கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் தூங்குகிறது. ஊர்ப் பாசம் தப்பு என்று சொல்லவில்லை, தேர்த்திருவிழாவுக்குப் போங்கள், அதற்கு வாக்காளர் அட்டை கேட்க மாட்டார்கள்.

இனி வேலை. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். இடம் மாற்ற ஃபார்ம் 8. ஃபார்ம் 6 என்பது புதிதாகச் சேர்பவருக்கு, அதில் 'வேறெங்கும் என் பெயர் இல்லை' என்று உறுதிமொழி இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு கண்ணை மூடி ஃபார்ம் 6 போட்டுவிடுகிறார்கள், நீங்கள் அறியாமலே பொய்யில் கையெழுத்துப் போட்டவர் ஆகிறீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது, தேர்தல் ஆணையத்தின் ஆப்பில் நீங்களே செய்யலாம். முதலில் அட்டை எண்ணைப் போட்டுப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஃபார்ம் 8, பெயரே போய்விட்டிருந்தால் மட்டும் ஃபார்ம் 6. ஃபார்ம் 8 போட்டால் ஊரில் தனியாக நீக்கச் சொல்லி அலைய வேண்டாம், அட்டை எண்ணும் அதேதான், முகவரி மாறிய அட்டை வரும்.

முகவரிச் சான்றில் ஒரு முடிச்சு உண்டு. வாடகைக்கு இருப்பவரிடம் அவர்கள் கேட்பது பதிவு செய்த ஒப்பந்தம். நம்மிடம் இருப்பது முத்திரைத்தாளில் டைப் அடித்த 11 மாத அக்ரிமென்ட், அது பதிவாகியிருக்காது. வீட்டு ஓனரோடு மல்லுக்கட்ட வேண்டாம், கேஸ் பில்லோ பாஸ்புக்கோ இந்த முகவரியில் இருந்தால் போதும். இல்லையென்றால் முதலில் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் வாருங்கள். பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து பார்ப்பார், நீங்கள் வண்டியில் இருப்பீர்கள், மனைவியிடம் சொல்லி வையுங்கள். பட்டியல் வந்ததும் பெயரைச் சரிபாருங்கள், கன்னடத்தில் ஏறும்போது நம் 'ழ' படுகிற பாடு சொல்லி மாளாது. அல்சூரில் ஒரு கயல்விழியம்மா கயல்விலி ஆகி, அதைத் திருத்த மூன்று தடவை ஃபார்ம் 8 போட்டார்கள், கூடவே நானும் மூன்று தடவை போனேன்.

தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் பட்டியலில் கை வைக்க முடியாது, அதற்குச் சில நாள் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

ஃபார்ம் 8 ஆளுக்கு ஒன்று. உங்களுடையதோடு மனைவியின் பெயர் தானாக வந்து சேராது, அவருக்குத் தனியாகப் போடுங்கள். ரேஷன் கார்டு, பட்டா எதையும் இந்த மாற்றம் தொடாது. அம்மா ஊரிலேயே இருப்பதால் அவர் பெயரை நகர்த்த வேண்டாம். 85 வயது தாண்டியவர் என்றால் தேர்தல் சமயத்தில் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட வசதி உண்டு, 12டி என்ற பாரத்தை அங்கே பி.எல்.ஓ. கொண்டுவருவார், அப்போது பக்கத்தில் யாராவது இருந்து நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.