பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு டிரிப்ஸில் என்ன மருந்து போடுவார்கள்? அது பழகிவிடுமா?

போன வருடம் எனக்கு லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, பித்தப்பையை எடுத்தார்கள். நான் டாக்டர் இல்லை. படுத்துக்கொண்டே பார்த்ததையும், சிஸ்டர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

வலிக்கென்று ஏதோ ஒரு பெரிய மருந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் மாட்டியது பாராசிட்டமால். காய்ச்சலுக்கு விழுங்குவோமே, அதேதான். 100 மி.லி. பாட்டிலில் 1 கிராம்; கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில், நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதற்கேற்பக் குறைப்பார்களாம். வலி இல்லாவிட்டாலும் மணி பார்த்து வந்து மாட்டுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு "இப்போ வலியே இல்ல சிஸ்டர், வேண்டாம்" என்று பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு இருமல் வந்தபோதுதான் தெரிந்தது. ஏறிவிட்ட வலியை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பலருக்கு இதோடு டைக்ளோஃபெனாக் அல்லது கெட்டோரோலாக் சேர்ப்பார்கள். எனக்கு அல்சர் இருந்ததால் அது இல்லை. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இதில் எது இருந்தாலும் கேட்காவிட்டாலும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அந்த நான்கு மணி வலிக்கு டிரமடால் போட்டார்கள். சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும். துணைக்கு இருந்த என் அண்ணன், தம்பி துடிக்கிறானே என்று டியூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தை மேலே தள்ளி வேகத்தைக் கூட்டிவிட்டார். சற்று நேரத்தில் தலை கிறுகிறுத்து, வயிற்றைப் புரட்டி, வாந்தி. வயிற்றில் நான்கு துளையோடு வாந்தி எடுப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "யார் சார் இதுல கை வச்சது?" என்று சிஸ்டர் கேட்க, அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் வாந்திக்கு ஆன்டான்செட்ரான் ஊசி.

பழகிவிடுமா என்றால், டிரமடாலும், ஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்தும் பழகிவிடக்கூடிய வகைதான். 2018-லிருந்து டிரமடால் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஓரிரு நாள் அளவாகப் போடுவதற்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலித்தால் மூச்சை இழுத்துவிட மாட்டீர்கள், எழுந்து நடக்க மாட்டீர்கள், அது இன்னும் கெடுதல். வீட்டுக்கு வந்த பிறகு சீட்டில் எழுதிய நாட்களைத் தாண்டி வாங்கிப் போடுவதில்தான் ஆபத்து.

தோள்பட்டை வலி வேறு கதை. ஆபரேஷன் வயிற்றில், வலி வலது தோளில்! வயிற்றை உப்ப வைக்க விட்ட கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் திரை) உறுத்துவதால் வருவது அது. அங்கே போகும் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் மூளை தோளென்று எடுத்துக்கொள்கிறதாம். எனக்கு எந்த டிரிப்ஸுக்கும் அது மசியவில்லை. வராந்தாவில் நடந்து நடந்து இரண்டு நாளில் போயிற்று.

நாளாக ஆக வலி குறையவேண்டும். மாறாகக் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல், கண் மஞ்சள், வயிறு உப்பல் என்று வந்தால், இன்னொரு வலி ஊசி கேட்காமல் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. மறுநாள் வாயால் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த டிரமடால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், கூடவே பாராசிட்டமால் 325 மி.கி. என்று போட்டிருந்தது. வீட்டில் கிடக்கும் டோலோவையும் (அதுவும் பாராசிட்டமால்தான்) சேர்த்து விழுங்கினால் அந்த 4 கிராம் கணக்கில் அதுவும் ஏறும்.