வாசகர் கேள்வி: குவீன்ஸ்டவுனில் கப்பலேறிய 16 பேர்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கின் போர்க்கப்பலான கியர்சார்ஜ், அயர்லாந்தில் ஆள் சேர்த்ததாகத் தெற்குத் தரப்பு முறையிட்டது. அவர்கள் விரும்பித்தானே போனார்கள்? பிரித்தானியா ஏன் விசாரித்தது?
(உயர்தர மாணவி, ஹட்டன்)

பதில்: விருப்பம் இங்கே விடுதலை தராது. 1819ஆம் ஆண்டு வெளிநாட்டுப் படைச்சேர்ப்புச் சட்டப்படி, அனுமதியின்றி ஆள் சேர்ப்பவரும் குற்றவாளி, சேரும் பிரித்தானியக் குடிமகனும் குற்றவாளி. அயர்லாந்து அன்று பிரித்தானிய ஆட்சியில் இருந்தது. 1861 மே மாதமே பிரித்தானியா நடுநிலையை அறிவித்துவிட்டது.

1863 நவம்பரில் கியர்சார்ஜ் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் (இன்றைய கோவ்) நின்றபோது 16 பேர் ஏறினார்கள். ஒளிந்து வந்தவர்கள் என்றார் கப்பல் தலைவர் வின்ஸ்லோ. கப்பலில் வைத்தியர் பரிசோதித்தார், சீருடை தந்தார்கள் என்று சத்தியக்கடதாசிகள் சொல்லின. வழக்கின் உயிர் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது. ஒளிந்து வந்தவனுக்குச் சாப்பாடு போடலாம். பெயரைக் கப்பல் பதிவில் ஏற்றினால், தோட்டத்தில் செக்ரோலில் (வேலையாட்களின் பதிவேட்டில்) பேர் பதிந்த மாதிரி, அவன் கப்பலின் ஆளாகிவிடுகிறான். வின்ஸ்லோ பெயர்களை ஏற்றியிருந்தார். கடலில் வைத்துப் பராமரிக்கத் தற்காலிகமாகச் செய்தது என்பது அவர் விளக்கம்.

டிசம்பரில் அவரே திரும்பி வந்து 16 பேரையும் இறக்கிவிட்டார். இதனால் வடக்கின் தூதர் ஆடம்ஸுக்குப் பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸலிடம் பேச நல்ல பிடி கிடைத்தது. ஆனால் சாட்சிகளும் அதே கரையில் இறங்கினார்கள். கப்பல் தலைவரைச் சட்டம் தொடவில்லை. கையில் அகப்பட்ட ஏழைகளில் ஆறு பேர்தான் 1864இல் கோர்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனையின்றி விடப்பட்டார்கள் என்பது ஒரு ஆறுதல்.

தெற்கின் போர்க்கப்பலான அலபாமாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிவர்பூல் பக்கத்தில் கட்டிய அந்தக் கப்பலில் மாலுமிகள் பெரும்பாலும் பிரித்தானியர். 1862 ஆகஸ்டில் அசோர்ஸ் தீவுகளுக்கு அப்பால், கடலில் வைத்துத்தான் அவர்களைப் படையில் பதிந்தார்கள். துறைமுகத்தில் பதிந்தால் நடுநிலை நாட்டின் மண்ணை மீறியதாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: இன்றைய விதி என்ன?
(ஆசிரியர், பண்டாரவளை)

பதில்: 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைகளைப் பாருங்கள். ஐந்தாவதன் 4ஆம் உறுப்புரை நடுநிலை நாட்டில் ஆள்சேர்ப்பு நிலையம் திறப்பதைத் தடுக்கிறது. தனித்தனியாக எல்லை தாண்டிப் போய்ச் சேர்பவர்களுக்கு அந்த நாடு பொறுப்பல்ல என்கிறது 6ஆம் உறுப்புரை. போர்க்கப்பல் நடுநிலைத் துறைமுகத்தில் மாலுமிகளை நிரப்பிக்கொள்ளக் கூடாது என்பது பதின்மூன்றாவதன் 18ஆம் உறுப்புரை. மாணவர்கள் ஒன்றைக் குழப்புகிறார்கள்: 1872இல் ஜெனீவாவில் நடுவர் மன்றம் பிரித்தானியா மீது விதித்த 1 கோடி 55 லட்சம் டொலர், அலபாமா போன்ற கப்பல்கள் செய்த சேதத்துக்கானது. அதைக் கியர்சார்ஜ் விவகாரத்தோடு சேர்த்து எழுத வேண்டாம்.